மாங்காய் மண்டி டிவிஆர்: டிஸ்க்கைக் கழற்றுவதா, முதலில் காப்பி எடுப்பதா?

கற்றுக்குட்டி_கிருஷ்ணகிரி
சனி, 21 ஜூன் 2025, காலை 8:40

எல்லாருக்கும் வணக்கம். டிஜிட்டல் தடயவியல் படிச்சுக்கிட்டு இருக்கேன். கிருஷ்ணகிரியில ஒரு மாங்காய் மண்டிக்காக அவசரமா ஒரு ஆலோசனை வேணும்.

17ஆம் தேதி செவ்வாய் ராத்திரி 10:30-லிருந்து 11:15-க்குள்ள, பெங்களூரா மாங்காய் ஏத்தின வண்டி ஒண்ணு எடை சீட்டு இல்லாம வெளியே போயிருக்குன்னு உரிமையாளர் சொல்றார். ஸ்டேஷன்ல மனு கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (மனு வாங்கினதுக்கான ரசீது) வாங்கியாச்சு. எஃப்ஐஆர் இன்னும் போடலை.

டிவிஆர் (கேமரா படத்தை டிஸ்க்ல பதிவு பண்ற பெட்டி) 8 சேனல். எட்டு கேமராவும் 2 மெகாபிக்சல், எச்.264 (வீடியோவைச் சுருக்கற முறை), ஒரு கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்)-னு செட்டிங்ல இருக்கு. உள்ளே ஒரே ஒரு 1 டிபி ஹார்டு டிஸ்க். எல்லாமே 24 மணி நேரப் பதிவுன்னு உரிமையாளர் சொல்றார். இன்னொரு குழப்பம், மணி. என் போன்ல 8:31, டிவிஆர் திரையில 11:05. சரியா 2 மணி 34 நிமிஷம் முன்னாடி ஓடுது.

கேமரா மாட்டிக் கொடுத்த தம்பி டிஸ்க்கைக் கழட்டி விண்டோஸ் கம்ப்யூட்டர்ல போட்டா எல்லா ஃபைலும் வந்துடும்ங்கறார். இப்போதைக்கு யாரும் எதையும் தொட வேண்டாம்னு சொல்லி வச்சிருக்கேன். டிவிஆர் ஓடிக்கிட்டேதான் இருக்கு.

முதல்ல டிஸ்க்கைக் கழட்டணுமா, இல்ல பென்டிரைவ்ல எடுக்கணுமா? மணி வித்தியாசத்தை எப்படிக் காட்டுறது? புது சட்டத்துல சான்றிதழ் யார் கொடுக்கணும்?

---

செக்டார்_பூஜ்யம்
சனி, காலை 8:58

டிவிஆர் ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறீர்கள், அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அது பழைய பதிவின் மேல் புதியதை எழுதிக்கொண்டே போகும். உங்கள் டிஸ்க்கில் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நொடிக்கு 2 மெகாபிட் என்றால் 0.25 மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 நொடி, ஆக ஒரு கேமராவுக்கு 21.6 ஜிபி. எட்டுக்கும் சேர்த்து 172.8 ஜிபி. 1,000 ஜிபியை இதால் வகுத்தால் 5.8 நாள். செவ்வாய் இரவு 10:30-லிருந்து எண்ணினால் திங்கள் மாலை ஐந்தரை வாக்கில் அந்த இடம் மேலெழுதப்படும். இது காகிதக் கணக்குதான். சப் ஸ்ட்ரீமும் (அதே கேமராவின் தரம் குறைந்த இரண்டாவது பதிவு) டிஸ்க்கில் பதிவானால் நாள் இன்னும் குறையும், பிட்ரேட் மாறும் வகையில் வைத்திருந்தால் கூடவும் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமையே கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதே பிளேபேக் காலண்டரைத் திறந்து, இருப்பதிலேயே பழைய பதிவு எந்தத் தேதி, எந்த மணி என்று பாருங்கள். சம்பவ நேரத்துக்கும் அதற்கும் ஒரு நாளைக்கு மேல் இடைவெளி இருந்தால், டிவிஆர் ஓடும்போதே பென்டிரைவில் எடுக்க அவகாசம் உண்டு. அதற்கும் குறைவாக இருந்தால் வேறு எதுவும் செய்யாமல் மெனு வழியாக ஷட்டவுன் செய்துவிடுங்கள். எட்டு சேனலும் மணிக்கு 7 ஜிபிக்கு மேல் எழுதுகிறது. நீங்கள் எக்ஸ்போர்ட் செய்யும் நேரத்திலேயே தேவையான இடம் போய்விடலாம்.

அவகாசம் இருந்தால் இந்த வரிசையில் போங்கள். டிவிஆர் திரையும், நெட்டில் இருந்து நேரம் எடுக்கும் போனும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ. இரண்டிலும் நொடி தெரிய வேண்டும். பிறகு டிவிஆரின் அடியில் உள்ள மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு, நேர மண்டலம், என்டிபி (நெட் வழியாக மணியைச் சரிசெய்யும் வசதி) ஆன்-ஆ ஆஃப்-ஆ என்ற பக்கம், ஒவ்வொரு கேமராவின் பதிவு அட்டவணை, எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். உரிமையாளர் 24 மணி நேரப் பதிவு என்று சொல்வதை மட்டும் எழுதி வைக்காதீர்கள், அட்டவணைப் பக்கம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். அடுத்து லாக், அதாவது டிவிஆர் தானாக எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பு. பவர் ஆன், பவர் ஆஃப், லாகின், நேர மாற்றம், டிஸ்க் ஃபார்மட், வீடியோ லாஸ் (கேமராவில் இருந்து படம் வராமல் போவது) எல்லாம் அதில் இருக்கும். முழு லாகையும் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள். சில மாடலில் லாக் டிஸ்க்கில் இல்லாமல் டிவிஆர் போர்டில் இருக்கும், டிஸ்க்கை மட்டும் எடுத்துப் போனால் அது கிடைக்காது.

அதன் பிறகு வீடியோ. எட்டு சேனலும் வேண்டும், சம்பவ நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி சேர்த்து. டிவிஆரின் சொந்த வடிவத்தில் எடுங்கள், கூடவே அதன் பிளேயரையும். ஏவிஐ ஆக மாற்றச் சொல்லி டிவிஆர் கேட்டால் வேண்டாம், ஃபிரேமுக்குள் இருக்கும் நேரத் தகவல் அதில் தங்காமல் போகலாம். பல டிவிஆர்கள் எஃப்ஏடி32 பென்டிரைவை மட்டுமே ஏற்கும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது என்பதால் துண்டு துண்டாக வரும், அது இயல்பு. துண்டுகளை ஒட்டாதீர்கள். எடுத்த கையோடு ஒவ்வொரு ஃபைலுக்கும் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிடும் அடையாள எண், உள்ளடக்கம் மாறினால் இதுவும் மாறும்) எடுத்து எழுதி வையுங்கள்.

டிவிஆரின் கடிகாரத்தைத் திருத்த வேண்டாம். நேரத்தைப் பின்னால் நகர்த்தினால் ஒரே மணிக்கு இரண்டு பதிவு உண்டாகும், பிறகு எது எது என்று பிரிக்க முடியாமல் திண்டாட வேண்டியிருக்கும்.

விண்டோஸில் போடச் சொல்லும் யோசனை ஏன் ஆபத்து என்றும் சொல்லிவிடுகிறேன். டிவிஆர் டிஸ்க்கில் இருப்பது விண்டோஸுக்குப் புரியாத கோப்பு முறை. அதனால் டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும். ஓகே கொடுத்து ஜிபிடி (டிஸ்க்கின் பகுதிகளைக் குறிக்கும் அட்டவணை முறை) தேர்ந்தெடுத்தால், டிஸ்க்கின் முதல் 34 செக்டாரிலும் (512 பைட் கொண்ட துண்டு) கடைசி 33 செக்டாரிலும் புதிதாக எழுதும். ஜிபிடி தலைப்பு போய் உட்காரும் இடம் 512ஆவது பைட். ஹிக்விஷன் கம்பெனி டிவிஆரின் டிஸ்க்கில் அதே 512ஆவது பைட்டில்தான் மாஸ்டர் செக்டார் தொடங்குகிறது, அடையாள எழுத்துகள் 528இல் இருக்கும். இன்டெக்ஸ் (எந்தப் பதிவு எங்கே என்ற பட்டியல்) எங்கே, வீடியோ தொகுதிகள் எங்கே என்ற குறிப்பெல்லாம் அங்கேதான். வீடியோ அப்படியே இருந்தாலும், அதற்கு வழிகாட்டும் பக்கம் ஒரே கிளிக்கில் போய்விடும்.

---

பாலக்கோடு_சர்வீஸ்
சனி, காலை 9:20

செக்டார் அண்ணன் சொன்னதோட ஹார்டுவேர் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

ஷட்டவுன் மெனு வழியாத்தான். பிளக்கைப் பிடுங்கினா கடைசியா எழுதிக்கிட்டு இருந்த தொகுதியோட இன்டெக்ஸ் முடியாம நிக்கும். உங்க சம்பவம் செவ்வாய்க்கிழமை, அதுக்கு இதனால ஆபத்து இல்லை. ஆனா அன்னைக்கே நடந்த விஷயம்னா அந்தக் கடைசி நிமிஷங்கள்தான் முக்கியமே.

மண்டிக்கு கேமரா நிக்கக் கூடாதுன்னா புது டிஸ்க் ஒண்ணு வாங்கிப் போட்டு டிவிஆரை ஓட விடுங்க. ஆனா போலீஸ் டிவிஆரையும் சேர்த்து கேட்கலாம், அதுக்குத் தயாரா இருக்கச் சொல்லுங்க. கழட்டின பழைய டிஸ்க்கை இன்னொரு டிவிஆர்ல போட்டுப் பார்க்கவே கூடாது. வேற பெட்டிக்குப் போன டிஸ்க்கை அது ஃபார்மட் பண்ணச் சொல்லும், இல்லாட்டி ஏத்துக்கிட்டு அந்த நொடியே எழுத ஆரம்பிக்கும். எது நடந்தாலும் நஷ்டம்தான்.

இமேஜ் (டிஸ்க்கோட முழு நகல்) எடுக்கிற நிலைமை வந்தா ஹார்டுவேர் ரைட் பிளாக்கர் (டிஸ்க்ல எதுவும் எழுத விடாம தடுக்கிற கருவி) வேணும். உங்க காலேஜ் லேப்ல சாட்டா (ஹார்டு டிஸ்க்கை மாட்டுற இணைப்பு வகை) பிளாக்கர் இருந்தா அதுதான் நல்லது. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில யுஎஸ்பி எழுதறதைத் தடுக்கிற வழி இருக்கு, ஆனா அது நேரடியா சாட்டாவில மாட்டின டிஸ்க்கைக் காப்பாத்தும்னு நம்பக் கூடாது. பிளாக்கர் கிடைக்கவே இல்லைன்னா கெயின் லினக்ஸ் (தடயவியலுக்கான இயங்குதளம்) பென்டிரைவ்ல பூட் பண்ணுங்க. அது எல்லா டிஸ்க்கையும் படிக்க மட்டும்ங்கற நிலையிலதான் திறக்கும். இமேஜ் போய் விழுற டிஸ்க்குக்கு மட்டும் எழுத அனுமதி கொடுக்கணும். அந்த இடத்துல டிஸ்க் பேரை மாத்திக் குடுத்துட்டா எல்லாம் போச்சு. அதனால வரிசை எண்ணைப் பார்த்து உறுதி பண்ணுங்க, அளவை மட்டும் பார்க்காதீங்க. ரெண்டுமே 1 டிபியா இருந்தா ஏமாந்துடுவீங்க. எழுதற டிஸ்க் 2 டிபியா இருந்தா இந்தக் குழப்பமே வராது, இடமும் தாராளமா இருக்கும். இ01 (தடயவியல் இமேஜ் ஃபைல் வகை) வடிவத்துல சுருக்கினாலும் வீடியோ பெரிசா சுருங்காது, அது ஏற்கனவே சுருக்கினதுதானே.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஸ்மார்ட் விவரம் (டிஸ்க் தன் நிலைமையைப் பத்தித் தானே வச்சிருக்கிற கணக்கு) பாருங்க. கெட்ட செக்டாரைக் காட்டுற 5, 197, 198 மூணு வரியும் பூஜ்யமா இருக்கணும். மண்டியில தூசி, சூடு, கரண்ட் கட், எல்லாத்தையும் அந்த டிஸ்க் ராத்திரி பகலா தாங்கிக்கிட்டு இருக்கும். 197-ல எண் இருந்தா சாதா காப்பி போடாதீங்க. டிடிரெஸ்க்யூ (கெட்டுப்போற டிஸ்க்கிலிருந்து காப்பி எடுக்கிற மென்பொருள்) போட்டு, முதல் சுத்துல நல்லா இருக்கிற இடத்தை மட்டும் வேகமா எடுத்துட்டு, அப்புறம் கெட்ட இடத்துக்கு மூணு முயற்சி. மேப் ஃபைலைப் பத்திரமா வைங்க. எந்த செக்டார் படிக்க வரலைங்கறதுக்கு அதுதான் ஆதாரம். கெட்ட செக்டார் உள்ள டிஸ்க்கை ரெண்டு தடவை படிச்சா ரெண்டு ஹாஷ் வரலாம். ஏன் வேற வேற வந்துச்சுன்னு பின்னாடி கேட்டா அந்த ஃபைலைக் காட்டித்தான் பதில் சொல்லணும்.

நேரக் கணக்கு: யுஎஸ்பி 2.0-ல நொடிக்கு 35 எம்பி வந்தா 1 டிபிக்கு 8 மணி நேரம். யுஎஸ்பி 3.0-ல சராசரி 100 எம்பி வந்தா 2 மணி 45 நிமிஷம். சரிபார்ப்பும் சேர்த்தா கிட்டத்தட்ட ரெட்டிப்பு. யுபிஎஸ் இல்லாம ஆரம்பிக்காதீங்க.

---

கோர்ட்_வளாகம்
சனி, காலை 10:05

மேலே இருவரும் சொன்ன தொழில்நுட்பம் சரி. ஆனால் டிஸ்க்கைக் கழற்றுவதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

மனு கொடுத்தாகிவிட்டது. ஆகவே முதலில் விசாரிக்கும் அதிகாரிக்கு எழுத்தில் தெரிவியுங்கள்: இந்தத் தேதிப் பதிவு டிவிஆரில் இருக்கிறது, இத்தனை நாளில் அழிந்துவிடும், உடனே கைப்பற்ற வேண்டுகிறோம் என்று. நகலில் தேதியோடு ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் இன்றே வந்து எடுப்பதாக இருந்தால் எக்ஸ்போர்ட்டோடு நிறுத்திக்கொண்டு, ஷட்டவுன் செய்து, பெட்டியைத் திறக்காமல் அப்படியே ஒப்படைப்பதுதான் நல்லது. கைப்பற்றுவதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு. மகஜரில் (கைப்பற்றியதை எழுதும் ஆவணம்) டிவிஆர் வரிசை எண்ணோடு, உள்ளே இருக்கும் டிஸ்க்கின் வரிசை எண்ணும் வர வேண்டும் என்று கேளுங்கள். பல மகஜர்களில் "கருப்பு நிற டிவிஆர் ஒன்று" என்று மட்டுமே இருக்கும். பிறகு டிஸ்க் மாற்றப்பட்டது என்ற வாதத்துக்கு அதுவே வழி விடும்.

அவர் வர நாளாகும் என்றால்தான் நீங்கள் கழற்றுவது. அப்போதும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ சம்மதம், இரண்டு சாட்சிகள், கழற்றுவது முதல் கவரில் போட்டு சீல் வைப்பது வரை நிறுத்தாத ஒரே வீடியோ. ஆன்டி ஸ்டாட்டிக் கவர், அதன் மேல் குமிழ் உறை, அட்டைப்பெட்டி. ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்து. யார் கையில் இருந்து யார் கைக்கு, எந்த மணிக்கு, எதற்காகப் போனது என்ற கைமாற்றுப் பதிவை அந்த நிமிடமே தொடங்கிவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதிய பதிவு குறுக்கு விசாரணையில் நிற்காது.

சான்றிதழ் பற்றி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2023. மின்னணுச் சாட்சியத்துக்கான பழைய 65பி பிரிவின் இடத்தில் இப்போது 63(4). படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது, சொந்தமாக எழுதத் தேவையில்லை. பகுதி ஏ-யைக் கொடுப்பது அந்தக் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர், இங்கே மண்டி உரிமையாளர். பகுதி பி நிபுணருக்கு. கருவி வகையில் டிவிஆர் என்று தனிக் கட்டமே உண்டு. தயாரிப்பு, மாடல், நிறம், வரிசை எண், ஹாஷ் மதிப்பு, எந்த முறையில் எடுத்த ஹாஷ், எல்லாம் கேட்கும். ஹாஷ் அறிக்கையையும் இணைக்க வேண்டும். பகுதி ஏ-யில் ஒரு ஹாஷும் பகுதி பி-யில் வேறொன்றும் வந்துவிடாமல் பாருங்கள். பகுதி பி-யில் யார் கையெழுத்திடுவது என்பதை உங்கள் வழக்கறிஞரும் விசாரணை அதிகாரியும் சேர்ந்து முடிவு செய்யட்டும். படித்துக்கொண்டிருக்கும் நீங்கள் அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

அசல் கொடுத்தால் சான்றிதழ் தேவையில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. 2014இல் அன்வர் வழக்கிலும் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் பழைய 65பி-யை விளக்கியபோது, நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம் என்றும், அசலையே முன்வைத்தால் அது வேண்டியதில்லை என்றும் சொன்னது. ஆனால் நீங்கள் பென்டிரைவும் கொடுக்கப் போகிறீர்கள். அது நகல். அதனால் சான்றிதழ் இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

வீடியோ ஒன்றைக்கூட வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம், உரிமையாளரின் வியாபாரிகள் குழுவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வீடியோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கும், ஹாஷ் மாறும். அதைவிட, வண்டி ஓட்டியவர் யாரென்று விசாரணைக்கு முன்பே ஊர் தீர்ப்பு எழுதிவிடும்.

---

தொப்பூர்_கணவாய்
சனி, காலை 10:40

மணி வித்தியாசத்துக்கு யாரும் இன்னும் விரிவா பதில் சொல்லலையே.

2:34-ஐ ரெண்டாப் பிரிங்க. சீன நேரம் நம்ம நேரத்தைவிட 2 மணி 30 நிமிஷம் முன்னாடி. ஃபேக்டரியில வச்ச மணியை இங்கே யாரும் மாத்தலைன்னு தெரியுது. மிச்சம் 4 நிமிஷம் கடிகாரம் தானா வேகமா ஓடினது. என்டிபி ஆன்ல இருந்திருந்தா இந்த 4 நிமிஷம் வந்திருக்காது, அதனால செட்டிங் பக்கத்துல ஆஃப்னுதான் இருக்கும். பார்த்து உறுதி பண்ணிக்குங்க.

கடிகாரத்தை ஓட்டுற சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்துல 20 பங்கு தவறினா ஒரு நாளைக்கு 1.7 நொடி. மூணரை நாளைக்கு 6 நொடி. அதனால இன்னைக்கு அளந்த வித்தியாசம் செவ்வாய் ராத்திரிக்கும் பொருந்தும், நடுவுல மணி தாவாம இருந்தா. தாவுச்சான்னு லாக் சொல்லும். செவ்வாய்க்கும் இன்னைக்கும் நடுவுல கரண்ட் போய் வந்திருந்தா, டிவிஆர் போர்டுல இருக்கிற சிஆர்2032 பேட்டரி செத்திருந்தா, மணி எங்கேயோ போய் நின்னிருக்கும். ஒவ்வொரு பவர் ஆன் பதிவுக்கும் முன்னாடியும் பின்னாடியும் மணி தொடர்ச்சியா போகுதான்னு பாருங்க.

இப்ப தேடுற நேரம். உண்மையான செவ்வாய் 22:30 முதல் 23:15 வரைங்கறது டிவிஆர்ல புதன் 01:04 முதல் 01:49 வரை. தேதியே மாறிடுது. செவ்வாய் 10:30-ன்னு தேடினா நீங்க பார்க்கறது உண்மையில் சாயங்காலம் 7:56. அதைப் பார்த்துட்டு வண்டியே வரலைன்னு முடிவு கட்டிடுவாங்க. எக்ஸ்போர்ட் எடுக்கும்போதும் டிவிஆர் நேரத்தைத்தான் கொடுக்கணும்: புதன் 00:34-லிருந்து 02:19 வரை.

வெளியிலிருந்து ஒரு நேரச் சான்றும் சேர்த்தா கேள்விக்கே இடமில்லை. அன்னைக்கு ராத்திரி கேமராவுக்கு முன்னாடி யாராவது யுபிஐ-ல பணம் போட்டிருந்தா அந்த நேரம் சர்வர் நேரம். எடை மேடை சீட்டு வேண்டாம், அந்தக் கம்ப்யூட்டர் மணியும் தப்பா இருக்கலாம். வண்டி நெடுஞ்சாலை ஏறியிருந்தா கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவை அதிகாரி கேட்டு வாங்கலாம். அது உங்களால முடியாது, ஆனா மனுவில் எழுதிக் கொடுக்கலாம். கணவாய்ப் பக்கம் விபத்துன்னா ஓரக்கடை கேமராக்கள்தான் ஆதாரம், அங்கேயும் இதே கதிதான்: கடைக்காரர் மணியைச் சரி பண்ணிட்டுத்தான் போலீசைக் கூப்பிடுவார்.

---

கற்றுக்குட்டி_கிருஷ்ணகிரி
ஞாயிறு, 22 ஜூன், மாலை 6:15

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிலவரம் இது.

அதிகாரிக்கு எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கியாச்சு. திங்கள் காலையில டிஸ்க்கையும் டிவிஆரையும் கொண்டு வரச் சொல்லிட்டார். பழைய பதிவு வெள்ளிக்கிழமை (13ஆம் தேதி) வரைக்கும் இருந்துச்சு, அதனால முதல்ல எக்ஸ்போர்ட் எடுத்து, லாக் எடுத்து, அப்புறம் ஷட்டவுன். என்டிபி ஆஃப்தான். லாக்ல செவ்வாய்க்கு அப்புறம் பவர் ஆன் பதிவே இல்லை, மணி தாவலை.

உரிமையாளர் சம்மதம் எழுதிக் கொடுத்தார், சாட்சியோட கழட்டி, லேப்ல ஹார்டுவேர் பிளாக்கர்ல இமேஜ் எடுத்தோம். லேப் பொறுப்பாளர் கூடவே இருந்தார். ஸ்மார்ட் மூணு வரியும் பூஜ்யம். 1,953,525,168 செக்டார், 1,000,204,886,016 பைட். சரிபார்ப்பு ஹாஷ் பொருந்துது. டிஸ்க் மறுபடி சீல் ஆயிடுச்சு.

ரெண்டு சந்தேகம். எஃப்டிகே இமேஜர் (இமேஜ் எடுக்கிற மென்பொருள்) அறிக்கையில எம்டி5-ம் எஸ்எச்ஏ-1-ம் (ரெண்டும் வேற ஹாஷ் முறைகள்) வருது. இ01 ஃபைலுக்கு நானே எஸ்எச்ஏ-256 எடுத்தேன், எம்டி5-ம் எடுத்துப் பார்த்தேன், அது அறிக்கையில இருக்கிற எம்டி5-ஓட ஒத்துப்போகலை. தப்பா?

ரெண்டாவது, கேமரா 3-லயும் 4-லயும் டிவிஆர் நேரம் 01:12 முதல் 01:26 வரைக்கும் பதிவே இல்லை. அந்த ரெண்டும்தான் கேட்டைப் பார்க்குற கேமரா. மத்த ஆறும் தொடர்ச்சியா இருக்கு. யாரோ அழிச்சுட்டாங்கன்னு உரிமையாளர் அடிச்சுச் சொல்றார். இமேஜை ஹெக்ஸ்ல (பைட் பைட்டா காட்டுற முறை) பார்த்தா டிஎச்ஏவி (DHAV)-ங்கற நாலு எழுத்து நிறைய இடத்துல வருது.

---

செக்டார்_பூஜ்யம்
ஞாயிறு, மாலை 7:02

தப்பில்லை. அறிக்கையில் இருப்பது டிஸ்க்கின் உள்ளடக்கத்துக்கான ஹாஷ். இ01 என்பது அந்த உள்ளடக்கத்தோடு தலைப்பு, வழக்கு விவரம், 32 கேபிக்கு ஒரு சரிபார்ப்பு எண் எல்லாம் சேர்ந்த பொட்டலம். பொட்டலத்தின் ஹாஷ் வேறாகத்தான் வரும். இரண்டையும் எழுதுங்கள், எது எதனுடையது என்று தெளிவாகப் பெயரிட்டு. டிஸ்க் உள்ளடக்கத்துக்கே எஸ்எச்ஏ-256 வேண்டுமென்றால் கைமேஜர் என்ற இமேஜ் மென்பொருளில் இ01-ஐ எடுக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்கலாம். இப்போது டிஸ்க்கின் சீலைப் பிரிக்க வேண்டாம், இ01-ஐ ரா இமேஜாக விரித்து அதற்கு எடுத்தால் போதும்.

இனி இடைவெளி. அழித்தார்கள் என்ற முடிவுக்கு இப்போதே போகாதீர்கள். பெரும்பாலான டிவிஆர் மெனுவில் நடுவில் 14 நிமிடத்தை மட்டும், அதுவும் இரண்டு கேமராவுக்கு மட்டும் அழிக்கும் வசதியே கிடையாது. முழு டிஸ்க்கையும் ஃபார்மட் செய்யத்தான் முடியும். அப்படிச் செய்திருந்தால் எட்டு கேமராவும் போயிருக்கும், லாகிலும் வந்திருக்கும்.

மூன்று காரணங்களைச் சோதியுங்கள். முதலில், லாகில் 3, 4 சேனலுக்கு அந்த நேரத்தில் வீடியோ லாஸ் பதிவு இருக்கிறதா. இருந்தால் கேமராவுக்குப் போகும் 12 வோல்ட் அல்லது கேபிள் நின்றிருக்கிறது. இரண்டும் ஒரே நொடியில் போய், ஒரே நொடியில் வந்திருந்தால் ஒரே எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) பெட்டியில் இருந்து இரண்டுக்கும் சப்ளையா என்று போய்ப் பாருங்கள். அதை அணைத்தது யார் என்பது போலீஸ் விசாரிக்க வேண்டிய கேள்வி, டிஸ்க் அதற்குப் பதில் சொல்லாது. இரண்டாவது, நீங்கள் எடுத்த அட்டவணைப் போட்டோவில் இந்த இரண்டும் அசைவுப் பதிவில் இருக்கிறதா. இருந்தால், அந்த 14 நிமிடம் கேட் முன்னால் எதுவும் அசையவில்லை, அல்லது உணர்திறன் குறைவாக வைத்திருந்தார்கள். வேறு நாள்களிலும் இதே இரண்டு கேமராவில் இடைவெளி வருகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும். மூன்றாவதுதான் இன்டெக்ஸ் சிதைவோ, கைவைப்போ.

மூன்றாவதைச் சோதிக்க நீங்கள் பார்த்த அந்த நாலு எழுத்து உதவும். டிஎச்ஏவி என்பது தாஹுவா கம்பெனி வகை டிவிஆர் எழுதும் ஃபிரேமின் (வீடியோவின் ஒரு படம்) தலைப்பு. வேறு பெயரில் விற்கும் சில பெட்டிகளிலும் இதே அமைப்பு வரும், அதனால் வெளியே ஒட்டியிருக்கும் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். தலைப்பின் தொடக்கத்தை 0 என்று வைத்தால் 4ஆவது பைட் ஃபிரேம் வகை, 6ஆவது சேனல், 8 முதல் 11 வரை ஃபிரேம் எண், 12 முதல் 15 வரை ஃபிரேமின் நீளம், 16 முதல் 19 வரை தேதியும் மணியும். எண்களெல்லாம் சிறிய பைட் முதலில் வரும் முறை.

தேதி 32 பிட்டுக்குள் அடுக்கப்பட்டிருக்கும்: நொடிக்கு 6 பிட், நிமிடத்துக்கு 6, மணிக்கு 5, நாளுக்கு 5, மாதத்துக்கு 4, ஆண்டுக்கு 6. ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். அந்த நாலு பைட்டின் மதிப்பு 1705251732 என்று வைத்துக்கொள்ளுங்கள். 64ஆல் வகுத்தால் மீதி 20, அது நொடி. ஈவு 26644558. அதை 64ஆல் வகுக்க மீதி 14, நிமிடம். ஈவு 416321. அதை 32ஆல் வகுக்க மீதி 1, மணி. ஈவு 13010. மறுபடி 32ஆல் வகுக்க மீதி 18, நாள். ஈவு 406. அதை 16ஆல் வகுக்க மீதி 6, மாதம். மிஞ்சிய 25ஐ 2000உடன் கூட்டினால் ஆண்டு. ஆக 18-06-2025, 01:14:20. இது டிவிஆர் கடிகார நேரம். 2:34 கழித்தால் செவ்வாய் இரவு 22:40:20. உங்கள் இடைவெளிக்குள் விழும் நேரம் இது.

முழு இமேஜிலும் டிஎச்ஏவி தேடி, சேனல் 3, 4-க்குரிய ஃபிரேம்களில் 01:12 முதல் 01:26 வரை தேதி உள்ளது ஏதேனும் இருக்கிறதா என்று ஒரு சின்ன பைத்தான் நிரலில் வடிகட்டுங்கள். சேனல் எண் 0-விலிருந்து எண்ணப்படும், அதாவது கேமரா 3 உள்ளே 2 ஆக இருக்கும். அதையும் ஊகித்துப் போகாமல், கேமரா 3-இல் தெளிவாகத் தெரியும் ஒரு ஃபிரேமின் பைட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். வீடியோ தரவுக்குள் தற்செயலாக இதே எழுத்துகள் வரக்கூடும். அதனால் நீளத்தைப் படித்து, ஃபிரேம் முடிவுக்கு 8 பைட் முன்னால் சிறிய எழுத்தில் அதே நாலு எழுத்தும், அடுத்த நாலு பைட்டில் அதே நீளமும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் பொருந்தினால்தான் உண்மையான ஃபிரேம்.

ஃபிரேம் கிடைத்தால் பதிவு எழுதப்பட்டது, இன்டெக்ஸில்தான் இல்லை என்று பொருள். அதைக் கையால் மீட்டு அதிகாரியிடம் நீட்ட வேண்டாம். இமேஜில் எத்தனையாவது பைட்டில் கிடைத்தது என்று குறித்துக் கொடுங்கள், ஆய்வகம் அதே இடத்தைத் தானே திறந்து பார்க்கட்டும். எதுவும் கிடைக்கவில்லை, வீடியோ லாஸ் பதிவு இருக்கிறது என்றால் அப்படியே எழுதுங்கள். உரிமையாளர் விரும்பும் பதில் அது இல்லாமல் போகலாம், ஆனாலும் அதைத்தான் எழுத வேண்டும்.

---

கற்றுக்குட்டி_கிருஷ்ணகிரி
ஞாயிறு, இரவு 9:48

லாக்ல வீடியோ லாஸ் இருக்கு சார். சேனல் 3, 4 ரெண்டும் 01:12:08-க்கு போய் 01:26:31-க்கு வந்திருக்கு. அட்டவணையில ரெண்டும் தொடர் பதிவுதான். இமேஜ்ல அந்த நேரத்துக்கு அந்த ரெண்டு சேனல் ஃபிரேம் ஒண்ணுகூட இல்லை, மத்த ஆறுக்கும் இருக்கு. கேமரா 6-ல எடை மேடை ஓரம் தெரியுது, அதுல 01:17-க்கு ஒரு வண்டியோட பின்பக்கம் வருது. நாளைக்கு சாதாரண கம்ப்யூட்டர்ல ஓடற மாதிரி ஒரு காப்பி வேணும்னு அதிகாரி சொல்லியிருக்கார். எம்பி4 ஆக்கலாமா?

---

பாலக்கோடு_சர்வீஸ்
ஞாயிறு, இரவு 10:05

ஆக்கலாங்க, அசலுக்குப் பதிலா இல்லை, அசலோட கூட. எஃப்எஃப்எம்பெக்-ல (வீடியோ வடிவத்தை மாத்துற மென்பொருள்) டிஎச்ஏவி படிக்கிற வசதி இருக்கு. வீடியோவை மறுபடி என்கோடு பண்ணாம ஸ்ட்ரீமை அப்படியே காப்பி பண்ணுற முறையில எம்பி4-க்கு மாத்துங்க. படத்தோட தரம் மாறாது, பெட்டி மட்டும்தான் மாறும். வெட்டவோ, வெளிச்சம் கூட்டவோ வேண்டாம், 01:17-ஐ மட்டும் தனியா எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். கேமரா 6-ஓட முழு 00:34-லிருந்து 02:19 வரைக்கும்.

ஃபைல் பேர்ல "பார்வை நகல், கேமரா 6, டிவிஆர் நேரம்"-னு வைங்க. எம்பி4-க்குத் தனி ஹாஷ் எடுத்து, எந்த அசல் ஃபைலிலிருந்து, எந்தப் பதிப்பு மென்பொருள்ல மாத்தினதுன்னு ஒரு வரி எழுதி, அசலோட ஹாஷையும் பக்கத்துலயே போடுங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியையும், அதுலேருந்து 3, 4-க்குப் போற வயரையும் காலையில மண்டி திறக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடச் சொல்லுங்க. அதை யாரும் கையால தொடக் கூடாது, கைரேகை பார்க்கணும்னு அதிகாரி நினைக்கலாம்.